இரண்டாவது சிகரம் வரை தாங்குமா? பாரிமுனைக் கடைகளில் மலையேற்றச் சாமான்

பாரிமுனையிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் ஒரு நாள் அலைந்தால் மலையேற்றத்துக்கு வேண்டிய அத்தனையும் கிடைத்துவிடும். அத்தனையையும் அங்கேயே வாங்கலாமா என்றால், கூடாது. பை, உடுப்பு, கயிறு, தீனி நான்குக்கும் வடசென்னையை விட்டு நகரத் தேவையே இல்லை. ஷூ, ஸ்டிக், டார்ச் மூன்றையும் சோதித்துப் பார்த்து வாங்கத் தெரிந்தவர் வாங்கலாம். மழைச்சட்டைக்கு மட்டும் வேறு இடம் பார்ப்பது நல்லது.

இந்த மதிப்பீட்டுக்கு ஒரு குறிப்பிட்ட நடையை அளவுகோலாக வைத்திருக்கிறோம். கர்நாடகத்தில் சிக்மகளூர் பக்கம் முல்லையனகிரி, பாபா புடன்கிரி என்ற இரண்டு சிகரங்களையும் சித்திரைக் கடைசியிலோ வைகாசித் தொடக்கத்திலோ ஒரே பகலில் ஏறி இறங்குவது. முல்லையனகிரி 1,930 மீட்டர். அந்த மாநிலத்திலேயே உயரமான இடம். பாபா புடன்கிரி 1,895 மீட்டர். இரண்டும் ஒரே மலைத்தொடர். சென்னையிலிருந்து இரவு வண்டியில் பெங்களூர் போய், அங்கிருந்து பேருந்தில் சிக்மகளூர் போய்விட்டால் மறுநாள் விடியலில் நடக்கத் தொடங்கலாம். வெயில் காலத்தில் காட்டுத்தீ பயத்தால் வனத்துறை பாதையை மூடுவதுண்டு. அதனால் அனுமதியை உறுதி செய்துகொண்டு பிறகு டிக்கெட் எடுங்கள்.

ஒற்றைச் சிகரத்துக்கு எதை மாட்டிக்கொண்டு போனாலும் ஒப்பேற்றிவிடலாம். ஏறுகிறோம், இறங்குகிறோம், வண்டி ஏறிவிடுகிறோம். இரண்டு சிகரம் என்றால் கதை வேறு. முதல் ஏற்றத்தில் குதிகால் உரசிச் சூடாகும். முதல் இறக்கத்தில் பெருவிரல் ஷூவின் முனையில் போய் முட்டும். வியர்வையில் காலுறை ஊறிப்போன நேரம் பார்த்து இரண்டாவது ஏற்றம் வரும். காலையில் லேசாகத் தெரிந்த பை பதினோரு மணிக்குத் தோளை அறுக்கும். கடையில் பார்க்கும்போதும் முதல் உச்சியில் நிற்கும்போதும் மட்டமான சாமானும் தரமான சாமானும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது இரண்டாவது ஏற்றத்தில். கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் அந்த இடத்தில் நிறுத்தித்தான் பார்த்திருக்கிறோம்.

முதலில் ஷூ. அதிகம் கெடுவதும் அதிகம் ஏமாறுவதும் இதில்தான்.

பாரிமுனை நடைபாதைக் கடைகளிலும் பெரியமேடு பக்கத்திலும் 'டிரெக்கிங் ஷூ' என்ற பெயரில் தொங்குவதில் பெரும்பாலானவை பி.வி.சி. அடிப்பாகம் கொண்டவை. பார்வைக்குப் பல் ஆழமாக இருக்கும், கனமாகவும் இருக்கும். ஆனால் ஈரமான பாறையில் வழுக்கும். காலைக் குளிரில் இறுகிப் பிடியை விடும். சரிபார்க்க நகம் போதும். பல்லின் ஓரத்தை நகத்தால் அழுத்துங்கள். நல்ல ரப்பர் உள்வாங்கி உடனே மீளும், கையில் லேசாக ஒட்டுவது போன்ற பிடி இருக்கும். பி.வி.சி. வழவழவென்று நகத்தைத் தள்ளிவிடும். பல்லின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அடுத்து, ஷூவின் முனையையும் குதியையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்கினால் சரி. நடுவில் மடங்கினால் அதற்குள் விறைப்பே இல்லை என்று பொருள். கூரான கல் மேல் நாள் முழுக்க நடந்தால் பாதம் கடுக்கும். துணி பிழிவது போல முறுக்கிப் பார்த்தாலும் பாதிக்கு மேல் திரும்பக் கூடாது.

இதையெல்லாம் தாண்டிய ஒரு ஷூவும் மலையில் வாயைப் பிளக்கலாம். காரணம் சென்னையின் காற்று. உள்ளங்காலுக்கும் அடிப்பாகத்துக்கும் இடையில் மெத்தை போல இருக்கும் நடு அடுக்கில் பாலியூரித்தேன் என்ற நுரையை வைத்த ஷூக்கள் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதையும். நீராவி அந்தப் பொருளின் பிணைப்புகளையே உடைக்கும். இதற்கு ஷூவைப் போட்டு நடக்கவே வேண்டியதில்லை. பெட்டிக்குள் இருந்தாலே போதும். கடலோரக் குடோனில் நான்கைந்து வருடம் கிடந்த பழைய சரக்கு, 'எக்ஸ்போர்ட் மிச்சம்' என்று பாதி விலைக்கு வரும்போது இந்த ஆபத்துதான் பின்னால் நிற்கிறது. வெளியே புத்தம் புதுசாக மின்னும். ஏழெட்டு கிலோமீட்டரில் நடு அடுக்கு பொடிப்பொடியாக உதிர்ந்து அடிப்பாகம் தனியாகத் தொங்கும். ஷூவின் நாக்குக்குள் தைத்திருக்கும் சீட்டில் தயாரித்த மாதம், வருடம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வருடத்துக்கு மேல் போயிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். சீட்டே இல்லையென்றாலும் வேண்டாம். பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்தும்போது மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் உள்ளே சிதைவு தொடங்கிவிட்டது. ஈ.வி.ஏ. என்ற இன்னொரு வகை நுரையில் செய்த நடு அடுக்குக்கு இந்த வியாதி கிடையாது. அது நாளாக ஆக அமுங்கித் தட்டையாகும், ஆனால் உதிராது. வடசென்னை வீட்டில் பரண் மேல் வைத்து வருடத்துக்கு இரண்டு முறை எடுத்துப் போடுகிறவருக்கு ஈ.வி.ஏ. தான் பொருத்தம்.

'தையல் போட்டுக்கொண்டால் ஆயுசுக்கும் வராது' என்று கடைக்காரர் சொல்வார். பாதி உண்மை. அடிப்பாகத்தின் விளிம்பு மேலே எழும்பி மேல்தோலைக் கிண்ணம் மாதிரி சுற்றிப் பிடித்திருக்கும் ரகத்தில் தையல் அருமையாக நிற்கும். ஷூ தைப்பவரிடம் நைலான் நூல் போடச் சொல்லுங்கள். பருத்தி நூல் வியர்வையில் மக்கிவிடும். ஆனால் தடித்த ஈ.வி.ஏ. அடுக்கு வெளியே தெரியும் ரகத்தில் தைத்தால், இறுக்க இறுக்க நூல் அந்த நுரையை அறுத்துக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பசைதான் வழி. நீர் புகாத ஷூ என்று அதிக விலை கொடுத்து வாங்கியிருந்தால் தையல் பக்கமே போகாதீர்கள்; ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீருக்கு வாசல். இந்த நடைக்கு நீர் புகாத ஷூவும் தேவையில்லை. கோடையில் உள்ளே சேரும் வியர்வை வெளியேறாமல் கால் வெந்துபோகும்.

தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் தொழிற்சாலை சாமான் விற்கும் கடைகளில் பாதுகாப்பு ஷூ எடுத்துப் போகலாம் என்றொரு யோசனை அடிக்கடி காதில் விழும். அடிப்பாகம் நன்றாகத்தான் இருக்கும், தையலும் கெட்டி. ஆனால் முன்னால் இரும்புத் தொப்பி. இறக்கத்தில் விரல் நகம் அந்த இரும்பில் மோதிக்கொண்டே வரும். முதல் சிகரத்தை விட்டு இறங்கி முடிப்பதற்குள் நகம் கறுத்துவிடும்.

அளவு பார்ப்பதற்குச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பிறகு பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் இருக்கும். போடப்போகிற காலுறையை மாட்டிக்கொண்டு, கயிறு கட்டாமல் காலை முன்னால் தள்ளி நில்லுங்கள். குதிக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு கயிற்றைக் கட்டி, கடைப் படிக்கட்டில் இறங்கும் திசையில் முனையை நாலு தட்டுத் தட்டுங்கள். விரல் முட்டினால் அரை அளவு கூட்டுங்கள். 'போகப் போக விட்டுக்கொடுக்கும் அண்ணே' என்பது அகலத்துக்குப் பொருந்தும், நீளத்துக்குப் பொருந்தாது.

கயிறு கட்டும் முறை பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். ஏற்றத்தில் கயிறு கோக்கும் துளைகளில் மேல் கண் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம். முதல் உச்சியில் உட்கார்ந்து, இறங்குவதற்கு முன் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். கடைசிக் கண்ணுக்கு முந்தைய கண்ணில் கயிறு வெளியே வந்ததும் எதிர்ப்பக்கம் போகாமல் அதே பக்கத்துக் கடைசிக் கண்ணில் நுழைத்து ஒரு சிறு வளையம் விடுங்கள். இரண்டு பக்கமும் விட்ட பிறகு, கயிற்று நுனிகளை எதிரெதிர் வளையங்களுக்குள் விட்டுக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதி பின்னால் பூட்டப்பட்டுவிடும். விரல் முன்னால் சறுக்காது. இரண்டாவது ஏற்றம் தொடங்கும் இடத்தில் கணுக்கால் அழுந்துகிறதா என்று பார்த்துத் தேவையென்றால் மறுபடி தளர்த்துங்கள். இதற்கு ஆகும் ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

காலுறை பருத்தியில் வேண்டாம். எம்.சி. ரோட்டில் விளையாட்டு உடுப்புக் கடைகளில் கிடைக்கும் நைலான், பாலியஸ்டர் கலந்த தடித்த ரகம் போதும். கூடுதலாக ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். முதல் சிகரத்தில் மாற்றிக்கொள்ள அது. குதியிலும் பெருவிரல் பக்கத்திலும் மருந்துக்கடைப் பேப்பர் பிளாஸ்டரைக் கிளம்பும் முன்பே ஒட்டிவிடுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டினால் வலி குறையும், நடை குறைவதைத் தடுக்க முடியாது.

ஸ்டிக் விஷயத்தில் இரண்டு பக்கமும் பேச நியாயம் இருக்கிறது. நடைபாதையில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் மூன்று அடுக்கு அலுமினிய ஸ்டிக்குகளில் திருகி இறுக்கும் வகைதான் அதிகம். உள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் விரிந்து குழாயைப் பிடிக்கும். தேய்ந்தாலோ உள்ளே ஈரம் இருந்தாலோ பிடிக்காது. கடையில் கையால் அழுத்தினால் நிற்கும். இறக்கத்தில் உடம்பு எடை முழுக்க விழும்போது சரசரவென்று உள்ளே போய் ஆளைக் கவிழ்க்கும். வெளியே நெம்புகோல் வைத்து மூடும் வகை இருந்தால் அதையே கேளுங்கள். தளர்ந்தால் அதன் பக்கத் திருகாணியை நாணயத்தாலேயே இறுக்கிவிடலாம். கடையில் சோதிக்க ஸ்டிக்கை நீட்டிப் பூட்டி, இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைச் சாய்த்து அழுத்துங்கள். ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் வைத்துவிடுங்கள். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது என்று கூடுதல் விலை சொன்னால் தேவையில்லை; எடைதான் கூடும். முனை டங்ஸ்டன் கார்பைடாக இருக்க வேண்டும். சாதா இரும்பு முனை பாறையில் சீக்கிரமே மழுங்கி வழுக்கத் தொடங்கும்.

நல்ல ஸ்டிக் அகப்படவில்லையென்றால் மூங்கில் கடையில் ஒரு கழி வாங்குவது மேல். கணுக்கள் நெருக்கமாக, கைப்பிடிக்கு அடங்கும் பருமனில், தோளுக்குச் சற்றுக் கீழே வரும் உயரத்தில் எடுத்து, அடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினால் போதும். கழி சுருங்காது, பூட்டும் கழலாது. ரயிலில் வைக்கத்தான் இடைஞ்சல். எதை எடுத்தாலும் உயரம் இப்படி: சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும், ஏற்றத்தில் 5 சென்டிமீட்டர் குறைவு, இறக்கத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் கூடுதல். ஸ்டிக்கின் வாருக்குள் கீழிருந்து மேலாகக் கையை நுழைத்துப் பிடியுங்கள், அப்போது எடை மணிக்கட்டில் இறங்கும். கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் திரும்பி வந்ததும் மூன்று அடுக்கையும் கழற்றி உலர்த்தித் தனித்தனியாக வையுங்கள். உப்புக்காற்றில் பூட்டும் திருகாணியும் துருவேறி இறுகிப்போகும்.

பைக்கு ரட்டன் பஜார், ஈவ்னிங் பஜார் பக்கத்தைத் தயங்காமல் சொல்லலாம். 25 லிட்டர் போதும். பிராண்டு பெயரைப் பார்க்காதீர்கள், பாதி போலி. தோள் வார் பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையல் ஓடியிருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் என்றால் நான்கு லிட்டர் தண்ணீரைத் தாங்காது. ஜிப்பின் பல் பெரிதாக இருக்கட்டும். பின்புறத்தில் 8 அல்லது 10 என்று எண் பொறித்திருந்தால் நம்பலாம். இடுப்பு வார் கட்டாயம். ஏற்றத்தில் எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்ற அது ஒன்றுதான் வழி. பள்ளிக்கூடப் பைகளில் இது இருக்காது. ஆனால் பை தைக்கும் கடையில் சொன்னால் இரண்டங்குல நாடாவும் கொக்கியும் வைத்து உடனே தைத்துக் கொடுத்துவிடுவார்கள். வேறு எந்த ஊரிலும் இவ்வளவு சுலபமாக நடக்காத காரியம் இது.

உடுப்புக்கு எம்.சி. ரோடு. பாலியஸ்டர் கால்பந்து ஜெர்சி, முழுக்கை என்றால் இன்னும் நல்லது. வடசென்னையில் இது கிடைக்காத தெருவே இல்லை. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் மலைக்கு எதிரி. வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, முகட்டுக் காற்று அடித்ததும் உடம்பைச் சில்லிடச் செய்யும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறரை டிகிரி அளவுக்குக் குறையும். சென்னையின் வைகாசியிலிருந்து போகிறவர்களுக்கு அது சுகமாகத் தெரியும். அந்தச் சுகம்தான் வெயிலை மறக்க வைக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் பத்து சதவீத அளவில் கூடும், முகட்டில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கழுத்தை மூடும் துணி வைத்த தொப்பியும் அதற்குத் தாடைக் கயிறும் வேண்டும். கயிறு இல்லாத தொப்பி பள்ளத்தாக்குக்குப் போய்விடும். காலுறைக்குள் பேண்ட் நுனியைச் செருகிக்கொண்டால் புல்லிலிருந்து உண்ணியும், மழை விழுந்த பிறகு சோலையில் அட்டையும் ஏறாது.

மழைச்சட்டைக்கு வேறு இடம் பார்க்கச் சொன்னதன் காரணம்: இங்கே கிடைப்பது இருசக்கர வண்டிக்கான பி.வி.சி. கோட்டு, அல்லது காசிமேட்டில் படகுக்குப் போகிறவர்கள் போடும் கனத்த ரகம். இரண்டும் அந்தந்த வேலைக்கு உயர்ந்தவை. மலையில் ஏறும்போது உள்ளே வியர்த்து, மழையில் நனைந்ததை விட அதிகமாக நனைந்துவிடுவீர்கள். நடைபாதையில் கிடைக்கும், தலைவழி மாட்டும் போன்ச்சோவை முகட்டுக் காற்று தலைக்கு மேல் தூக்கிக் கண்ணை மறைக்கும். தையல் கோடுகளுக்கு உள்ளே பட்டை ஒட்டிய மெல்லிய நைலான் ஜாக்கெட் வேண்டும், அக்குளில் காற்று போக வழியிருந்தால் நல்லது. அது விளையாட்டுச் சாமான் விற்கும் பெரிய கடைகளில்தான் கிடைக்கிறது. பைக்குள் போடுவதற்கான தடித்த பாலித்தீன் உறையை மட்டும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் வாங்கிக்கொள்ளுங்கள். பைக்கு வெளியே மாட்டும் உறையைக் காற்று பிடுங்கும். உள்ளே போட்ட உறை எங்கும் போகாது.

பகல் நடைக்கு டார்ச் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு சிகர நடையில் தாமதம் சகஜம். அது கூடிக்கொண்டே போனால் கடைசி இறக்கம் இருட்டில்தான். நெற்றியில் மாட்டும் வகையை பர்மா பஜாரில் வாங்கலாம், ஆனால் அட்டையில் அச்சடித்த எந்த எண்ணையும் நம்ப வேண்டாம். 18650 என்ற உருளை பேட்டரியின் மேல் 9,900 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பார்கள். அந்த அளவுள்ள உருளையில் நல்ல கம்பெனி சரக்கே 3,500 பக்கத்தில்தான் நிற்கும். ஆகவே எழுதியிருக்கும் எண் பெரிதாகப் பெரிதாக உள்ளே இருப்பது மட்டம் என்று கொள்ளுங்கள். பவர் பேங்குக்கு எடை பாருங்கள். 10,000 என்று சொல்லும் ஒன்று 200 கிராம் பக்கத்தில் இல்லையென்றால் உள்ளே பாதி வெற்றிடம். ‘பாய், ஒரு நிமிஷம் எடை போட்டுப் பார்க்கிறேன்’ என்று பக்கத்துக் கடைத் தராசைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. டார்ச்சை முந்தைய இரவு வீட்டில் முழு வெளிச்சத்தில் எரியவிட்டு எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பார்த்து, பிறகு மறுபடி சார்ஜ் ஏற்றி எடுத்துப் போங்கள்.

காசிமேட்டு வலைக்கடைக் கயிறு ஒன்றுதான் இந்தப் பட்டியலில் ஒரு குறையும் சொல்ல முடியாதது. 3 மில்லிமீட்டர் நைலான் கயிறு ஐந்து மீட்டர் வாங்குங்கள். பாலிபுரொப்பிலீனையும் நைலானையும் பார்வையால் பிரிக்க முடியாவிட்டால் சிறு துண்டைத் தண்ணீரில் போட்டு அமுக்கி விடுங்கள். மேலே வந்து மிதப்பது பாலிபுரொப்பிலீன், மூழ்குவது நைலான். மிதப்பதில் முடிச்சு நிற்காது, வெயிலில் நொறுங்கும். இந்தக் கயிறு அறுந்த ஷூக் கயிற்றுக்கு மாற்று. அடிப்பாகம் பிளந்தால் முன்காலைச் சுற்றி, பல்லின் பள்ளத்தில் பதியும்படி மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டி வண்டி வரை நடந்துவிடலாம். பாறையில் ஆளைத் தாங்க இது உதவாது, அந்த எண்ணமே வேண்டாம்.

தண்ணீர் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் கணக்கு. எட்டு மணி நேரம் என்றால் நான்கு லிட்டர், அதாவது நான்கு கிலோ. கோடையில் முகட்டில் ஊற்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். வண்டி வந்து நிற்கும் இடத்தில் கடை இருந்தால் அதை அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்டீல் பாட்டில் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில்கள் நான்கு எடை குறைவு. ஒன்று ஓட்டையானாலும் மூன்று மிஞ்சும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை பஜாரில் மலிவாகக் கிடைக்கிறது. பிளாஸ்டிக் வாடை போகவே போகாது. கடிவாய் ஒழுகத் தொடங்கினால் முதல் சிகரத்துக்குள் பாதித் தண்ணீர் முதுகில் இறங்கிவிடும். வாங்காதீர்கள்.

வெறும் தண்ணீரையே நான்கு லிட்டரும் குடித்தால் இரண்டாவது ஏற்றத்தில் தலைவலியும் குமட்டலும் வரலாம். வியர்வையில் போன உப்பை ஈடு செய்யாமல் ரத்தத்தை நீர்க்கச் செய்வதன் பலன் அது. நான்கில் இரண்டு லிட்டரை ஓ.ஆர்.எஸ். கரைசலாக வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்குச் சமையல் உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். பொட்டலத்தின் பின்னால் இந்த எண்கள் இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். அரை பாட்டிலில் கொட்டி அடர்த்தியாகக் குடித்தால் வயிற்றைக் கலக்கும். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் போட்டு விற்ற சர்க்கரைப் பானங்கள் நிறைய. அந்தக் கணக்குக்கு ஒத்துவராத பானங்களின் பெயரில் அந்த எழுத்து இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. இருந்தாலும் படித்துவிட்டு வாங்குவதே சரி.

தீனிக்குத் தங்கசாலைத் தெரு. கக்ரா, தேப்லா என்ற குஜராத்தி ரொட்டிகள் வழிநடைக்கென்றே பிறந்த பண்டங்கள்: ஈரம் குறைவு, எண்ணெய் அளவாக, இரண்டு நாள் கெடாது. கக்ராவை வட்ட டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் தூளாகிவிடும். வீட்டிலிருந்து என்றால் நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவிய இட்லி, புளிசாதம். தேங்காய்ச் சட்னியும் தயிர்சாதமும் அந்த வெயிலில் பத்து மணிக்கே ஊசிவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை 40 கிராம் கடலை மிட்டாய் கணக்கில் கொறித்துக்கொண்டே போவது, உச்சியில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடுவதை விட எவ்வளவோ மேல். நிறைந்த வயிற்றோடு இரண்டாவது ஏற்றம் ஏற முடியாது.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய விதி இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். 15 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் என்றால் நாலரை மணி. இது குளிர் நாட்டு ஆட்கள் நிற்காமல் நடக்கும் கணக்கு. வெயிலுக்கும் ஓய்வுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்காக்குங்கள், ஏழு மணி நேரத்துக்குப் பக்கத்தில் வரும். காலை 6 மணிக்குத் தொடங்கினால் பிற்பகல் 1 மணிக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடலாம். அப்படித்தான் திட்டமிட வேண்டும், ஏனென்றால் கோடைக் கடைசியில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைந்தால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே முகட்டை விட்டு இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். பத்து மணிக்கு முதல் சிகரத்தை விட்டுக் கிளம்ப முடியவில்லையென்றால் இரண்டாவதை விட்டுவிடுவதுதான் முறை.

வாங்கப் போகும் நாள்: மொத்தக் கடைகள் ஞாயிறு மூடியிருக்கும், சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு தொடங்கினால் ஷூ அளவுக்கும் சரியான நேரமாகும். நடைக்கு மூன்று வாரம் முன்பே வாங்குங்கள். புது ஷூவைப் போட்டு நேராக மலைக்குப் போகாமல், வடசென்னையின் சமதளத்திலேயே பழக்கிவிடலாம். மெட்ரோவில் திருவொற்றியூர், விம்கோ நகர் போன்ற உயர்ந்த நிலையங்களின் படிக்கட்டு, அல்லது குடியிருக்கும் மாடிப்படியே போதும். ஒரு மாடி மூன்று மீட்டர் என்றால் 600 மீட்டர் ஏற்றம் என்பது இருநூறு மாடி. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு நாற்பது மாடி ஏறி இறங்குங்கள், கடைசி வாரம் பையில் நான்கு லிட்டர் தண்ணீரோடு. எங்கே உரசுகிறது, எந்த வார் நழுவுகிறது, ஸ்டிக் பூட்டு நிற்கிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பில் இல்லாத நடைபாதைக் கடையாக இருந்தாலும் முதல் வாரத்துக்குள் கொண்டுபோனால் சிலர் ஷூவை மாற்றித் தரலாம். அதனால் அடிப்பாகம் அழுக்காகாமல் முதல் இரண்டு நாளும் வீட்டுக்குள் மட்டும் போட்டு நடங்கள்.